முனைவர் பட்டமும் குடும்பத்தின் முதலும்

(திருவிழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், உளவியல் உயர்கல்வி குறித்து ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஒரு குடும்பம். தந்தைக்கு வயது 54. இன்னும் ஓராண்டில் ஊழியர் சேமநிதிப் பணம் முழுவதும் கைக்கு வரும் நிலை. தாயாரிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த நகைகள் உண்டு. தவணை முடியும் தறுவாயில் ஒரு தரை வீடும் உண்டு. மூத்த மகள் உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உளவியல் இளங்கலைப் பட்டம் பெற்றிருக்கிறாள். இளையவன் எஸ்.பி.எம். தேர்வுக்கு ஆயத்தமாகின்றான். அவ்வேளையில், அமெரிக்கத் தனியார் கல்வி நிறுவனம் ஒன்றிலிருந்து மகளுக்கு ஒரு கடிதம் வருகிறது. உளவியல் முனைவர் பட்டப் படிப்புக்கு இடம் தரப்பட்டுள்ளது. கட்டணத்தை மாணவரே செலுத்த வேண்டும். குறித்த நாளுக்குள் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். மகள் மகிழ்ச்சியில் திளைக்கின்றாள். தந்தை பெருமிதம் கொள்கிறார். தாயார் மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்.

இது ஓர் எடுத்துக்காட்டுக் குடும்பமே. எனினும் இத்தகைய கடிதம் வந்து சேரும் வீடுகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. தாயார் கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

உளவியல் படிக்கிறேன் என்று பிள்ளைகள் சொன்னால், பைத்தியக்காரர்களோடு பழகும் படிப்பா என்று உறவினர் முகம் சுளித்த காலம் ஒன்று இருந்தது. 1911-ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தில் தொடங்கப்பெற்ற மனநல மருத்துவமனை அமைந்த ஊரின் பெயரே கேலிச் சொல்லாயிற்று. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிச் சிரிக்காத தலைமுறை மலேசியத் தமிழரிடையே இல்லை எனலாம். அந்நிலை மாறி வருகிறது. சுகாதார அமைச்சு 2023-ஆம் ஆண்டில் நடத்திய தேசியச் சுகாதார ஆய்வு, பதினாறு வயதும் அதற்கு மேலும் ஆனோருள் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ பத்து லட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாகக் கண்டறிந்தது. 2019-இல் அவ்விழுக்காடு 2.3 ஆக இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டது. உளவியலாளர்களுக்குத் தேவை உண்டு. தமிழில் பேசிக் கேட்கத் தெரிந்த உளவியலாளர்களுக்கு அதைவிடத் தேவை உண்டு. ஆதலால் அத்துறையை நாடும் பிள்ளைகளைத் தடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் துறை நல்லது என்பதும், அத்துறையில் எந்தப் பட்டத்தை எந்த விலைக்குப் பெறுவது என்பதும் இரு வேறு கேள்விகள். முதற் கேள்விக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாகக் கொள்ளும்போதுதான் வீடு கடனில் மூழ்குகிறது.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நலம். மனநல மருத்துவர் என்பவர் முதலில் மருத்துவம் பயின்று, பின்னர் மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். மருந்து எழுதித் தருபவர் அவரே. சிகிச்சை உளவியலாளர் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லாதவர். சோதனைகளாலும் முறைப்படுத்தப்பட்ட உரையாடலாலும் நோயாளிக்குத் துணை நிற்பவர். ஆலோசகர் என்பவர் வேறு. இந்நாட்டில் அவர் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இம்மூவரையும் ஒருவராகவே எண்ணிக்கொண்டு, மகள் டாக்டராகி வருவாள் என்று உறவினரிடம் அறிவித்துவிடும் பெற்றோர் பலர். டாக்டர் என்னும் அடைமொழிக்கு அழைப்பிதழ்களிலும் மேடைகளிலும் இருக்கின்ற மவுசைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. விழா மலர்களின் வாழ்த்துரைப் பக்கங்களைப் புரட்டினாலே போதும்.

உளவியலில் முனைவர் பட்டம் தோன்றிய வரலாறு சுவையானது. செலவுக் கணக்கின் வேரும் அதனுள்தான் இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் உளவியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதற்கு ஓராண்டு முன்னரே, 1878-இல், ஸ்டான்லி ஹால் என்பார் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இத்துறையின் முதல் அமெரிக்க முனைவர் பட்டத்தைப் பெற்றிருந்தார். அக்காலத்தில் அப்பட்டம் ஆராய்ச்சிக்கு உரியது. நோயாளியைப் பார்ப்பதற்கு உரியதன்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து, உள்ளம் நொந்த படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பிய பிறகே, சிகிச்சை அளிக்கும் உளவியலாளர் பெருந்தொகையினராகத் தேவைப்பட்டனர். 1949-இல் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரில் கூடிய மாநாடு, சிகிச்சை உளவியலாளர் ஆராய்ச்சியாளராகவும் இருத்தல் வேண்டும் என்று வகுத்தது. அவ்வழியில் வழங்கப்பெறுவதே பிஎச்.டி. பட்டம்.

எல்லாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டுமா, சிகிச்சையில் தேர்ந்தால் போதாதா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. இல்லினாய் பல்கலைக்கழகம் 1968-இல் தொழில்முறை முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 1973-இல் அதே கொலராடோ மாநிலத்தின் வெயில் நகரில் கூடிய மாநாடு அவ்வழிக்கு ஒப்புதல் அளித்தது. சை.டி. என்று சுருக்கமாக வழங்கப்படும் பட்டம் அதுவே.

இரண்டும் முனைவர் பட்டங்களே. இரண்டாலும் உரிமம் பெறலாம். வேறுபாடு பணப்பையில் இருக்கிறது. பிஎச்.டி. மாணவர் பேராசிரியரின் ஆய்வுக்கு உழைக்கின்றார். இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகின்றார். அதற்கு ஈடாக, நல்ல பல்கலைக்கழகங்களில் அவருக்குக் கட்டணம் தள்ளுபடி செய்யப்படுவதோடு, சிக்கனமாக வாழ்வதற்கு உதவித்தொகையும் கிடைக்கிறது. அதனாலேயே இடங்கள் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்க, பத்துப் பேருக்கும் குறைவாகவே சேர்த்துக்கொள்ளும் துறைகள் உண்டு. சை.டி. படிப்பிலோ வகுப்புகள் பெரியவை; இடம் கிடைப்பது எளிது; செலவு பெரும்பாலும் மாணவரைச் சாரும். கட்டணம் மட்டுமே ஒரு லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டுவது இயல்பு. சை.டி. படிப்பு தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. பல்கலைக்கழகங்களைச் சார்ந்து இயங்கும் சிறந்த சை.டி. துறைகளும் உள்ளன. ஆனால் ஒரு நிறுவனம் மாணவரைச் சேர்க்க விரும்புகிறது என்பதற்கும், அம்மாணவருக்காகத் தன் பணத்தைச் செலவிட விரும்புகிறது என்பதற்கும் உள்ள தொலைவைப் பெற்றோர் உணர வேண்டும். முன்னது பாராட்டு. பின்னதுதான் மதிப்பீடு.

இனி, அத்தாயாரின் கேள்விக்கு வருவது பொருந்தும். கணக்கு எளிதாக அமையும்பொருட்டு, எண்களை முழு எண்களாகக் கொள்க. ஆண்டுக்கு 30,000 டாலர் வீதம் நான்கு ஆண்டுக் கட்டணம் 1,20,000 டாலர். ஐந்தாம் ஆண்டு முழுநேரப் பயிற்சி. உணவு, உறைவிடம், காப்புறுதி, பயணம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு 1,00,000 டாலர். மொத்தம் 2,20,000 டாலர். ஒரு டாலருக்கு 4 வெள்ளி எனக் கொண்டால், 8,80,000 வெள்ளி ஆகிறது. பயிற்சி ஆண்டில் ஓரளவு ஊதியம் கிடைக்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் கடனுக்கான வட்டி இன்னும் சேர்க்கப்படவில்லை.

அத்தோடு முடியவில்லை. அப்பெண் இந்நாட்டிலேயே வேலைக்குச் சென்று மாதம் 4,000 வெள்ளி ஈட்டியிருந்தால், ஐந்தாண்டுகளில் 2,40,000 வெள்ளி கிடைத்திருக்கும். கைக்கு வராமற்போன அப்பணமும் செலவே. வீட்டுக் கணக்கு நோட்டில் அதை எவரும் எழுதுவதில்லை. ஏனெனில் அதற்கு ரசீது கிடையாது. அதையும் கூட்டினால் பதினொரு லட்சத்து இருபதாயிரம் வெள்ளி.

இவ்வளவு செலவிட்டுத் திரும்பும் மகளுக்கு, முதுகலைப் பட்டத்தோடு அதே வேலையைச் செய்பவரைவிட மாதம் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? மாதத்துக்கு 1,500 வெள்ளி கூடுதல் எனக் கொள்க, ஆண்டுக்கு 18,000. உள்நாட்டு முதுகலைப் படிப்புக்கு எப்படியும் ஆகக்கூடிய 60,000 வெள்ளியைக் கழித்துவிட்டாலும், எஞ்சும் 8,20,000 வெள்ளியை அக்கூடுதல் ஊதியத்தால் மீட்க 45 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கூடுதல் 3,000 வெள்ளி என்று தாராளமாகக் கொண்டாலும் ஏறத்தாழ 23 ஆண்டுகள். இவை எடுத்துக்காட்டு எண்கள். அவரவர் தம் கடிதத்தில் உள்ள எண்களைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டலும் பெருக்கலும் எஸ்.பி.எம். மாணவனுக்கே தெரிந்தவை. அந்த வீட்டின் இளையவனிடம் கொடுத்தாலும் கணக்கிட்டுத் தருவான். அவனுடைய படிப்புப் பணமும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

நாணய மாற்று என்னும் ஆபத்தை அனுபவமுள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1997-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு டாலர் ஏறத்தாழ இரண்டரை வெள்ளியாக இருந்தது. ஆசியப் பொருளாதார நெருக்கடி மூண்டு, 1998 ஜனவரியில் அது 4.80-ஐத் தாண்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் 3.80 என நிலைநிறுத்தப்பட்டு, 2005 ஜூலை வரை அந்நிலை நீடித்தது. அந்தச் சில மாதங்களில், வெளிநாட்டில் பயின்றுகொண்டிருந்த பிள்ளைகளின் செலவு, கட்டணம் ஒரு டாலர்கூட உயராமலேயே இரட்டிப்பை நெருங்கிற்று. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியோர் பலர். ஐந்தாண்டுப் படிப்பு என்பது ஐந்தாண்டு நாணய மாற்றையும் சேர்த்துச் சுமப்பதாகும். மேலே கண்ட 2,20,000 டாலர், இரண்டரை வெள்ளி விகிதத்தில் ஐந்தரை லட்சம் வெள்ளி, 4.40 விகிதத்தில் 9,68,000 வெள்ளி. மகள் எவ்வளவு கருத்தாகப் படித்தாலும் இந்த வேறுபாட்டை அவளால் தடுக்க இயலாது.

அமெரிக்கர்கள் கடன் வாங்கிப் படிக்கவில்லையா என்று கேட்பவர் உண்டு. படிக்கின்றனர். ஆனால் அவர்களுக்கு அந்நாட்டு அரசின் கல்விக் கடன் உண்டு. மாணவ விசாவில் செல்லும் மலேசியருக்கு அது கிடையாது. வெளியில் வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்பதும் கனவே. கல்விக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேற்படாமல் பணிபுரியவே பொதுவாக அனுமதி உண்டு. முழுநேரப் பயிற்சி ஆண்டிலும் ஓர் இடர் உண்டு. அந்நாட்டில் உளவியலாளர்களைப் பேரளவில் பயிற்றுவிப்பது முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவமனைகளாகும். அங்குப் பயிற்சி இடம் பெற அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆகவே மிகப் பெரிய வாசல் ஒன்று மலேசிய மாணவருக்குத் தொடக்கத்திலேயே அடைபட்டுக் கிடக்கிறது. சேர்க்கைக்காக அனுப்பப்படும் வண்ணக் கையேடுகள் இதை முன்பக்கத்தில் அச்சிடுவதில்லை.

நிறுவனம் ஐந்தாண்டுகள் நிலைத்து நிற்குமா என்பதும் கேட்கத்தக்கதே. உளவியல் சை.டி. படிப்புகளைப் பல வளாகங்களில் நடத்திவந்த அர்கோசி பல்கலைக்கழகம் 2019 மார்ச் மாதத்தில் திடீரென மூடப்பட்டது. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தோரும் நடுத்தெருவில் நின்றனர். நிறுவனம் மூடப்பட்டாலும், தனியாரிடம் வாங்கிய கடனும் அடகு வைத்த நகையும் மூடப்படுவதில்லை.

இவ்வளவும் அமெரிக்காவைப் பற்றியது. மலேசியாவில் தொழில் புரிய முனைவர் பட்டம் தேவைதானா? பல குடும்பங்கள் கேட்க மறக்கும் கேள்வி இதுவே. இந்நாட்டில் 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் 23 தொழில்களைப் பட்டியலிடுகிறது. சிகிச்சை உளவியலாளர் அவற்றுள் ஒருவர். அத்தொழிலுக்கு வாசல் சிகிச்சை உளவியலில் முதுகலைப் பட்டம். முனைவர் பட்டம் அன்று. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் அம்முதுகலைப் படிப்பை மருத்துவமனைப் பயிற்சியோடு நடத்தி வருகின்றன. சிங்கப்பூரிலும் சிகிச்சைப் பணிக்கு முதுகலையே பொதுவான வாசல். அரசு மருத்துவமனையிலோ தனியார் நிலையத்திலோ நோயாளிகளுக்குத் துணை நிற்பதே மகளின் விருப்பம் என்றால், இரண்டு மூன்று ஆண்டுகளில் திறக்கக்கூடிய கதவை விட்டுவிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் கடலைச் சுற்றி வந்து அதே கதவைத் தட்ட வேண்டிய அவசியம் என்ன? இளங்கலைப் பட்டம் மட்டும் போதாது என்பது உண்மை. போதாது என்பதிலிருந்து உச்சிக்குத் தாவுவதுதான் தவறு. இடையில் ஒரு படி இருக்கிறது.

பிரிட்டனை நாடுவோர் வேறொரு பொறியைக் கவனிக்க வேண்டும். அங்கே பிஎச்.டி. என்பது மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே பொருளை ஆராய்ந்து ஏடு எழுதிப் பெறுவது. அது ஆராய்ச்சியாளரை உருவாக்கும். சிகிச்சை உளவியலாளரை உருவாக்காது. சிகிச்சை உளவியலாளர் என்னும் பெயர் அந்நாட்டில் சட்டக் காவலுக்கு உட்பட்டது. அதற்கென மூன்றாண்டுச் சிகிச்சை முனைவர் பட்டம் தனியே உண்டு. இங்கிலாந்தில் அதைப் பயிலும் உள்நாட்டு மாணவருக்குத் தேசியச் சுகாதாரச் சேவை ஊதியமே தருகிறது. வெளிநாட்டவருக்கு அவ்வழி பெரும்பாலும் திறப்பதில்லை. இவ்வேறுபாடு தெரியாமல் மன அழுத்தத்தைப் பற்றி ஆய்வேடு எழுதி பிஎச்.டி. பெற்றுத் திரும்பி, பிறகு நோயாளியைப் பார்க்க உரிமை இல்லை என்று அறிய நேர்வது, பணத்தை இழப்பதைவிடக் கொடியது. அமெரிக்காவிலும் சமூக உளவியல், அறிதல் உளவியல் முதலிய பிரிவுகளில் பெறும் பிஎச்.டி. பட்டம் சிகிச்சை உரிமத்துக்கு வழிவகுப்பதன்று.

இதனால் முனைவர் பட்டமே வீண் என்று எவரும் கருதிவிடலாகாது. அரசுப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேண்டும் என்ற உறுதியான நாட்டம் உடையோருக்கு அது ஆடம்பரமன்று, கருவி. ஆராய்ச்சியில் உண்மையான தாகம் உடையோருக்கும் அவ்வாறே. இன்று மனநிலையையும் அறிவாற்றலையும் அளக்கப் பயன்படும் சோதனைகள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் நாடுகளில், அந்நாட்டுப் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டு உருவாக்கப்பட்டவை. தோட்டப்புறத்தில் வளர்ந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் தமிழும் மலாயும் பேசும் ஏழு வயதுக் குழந்தையை அவற்றால் அளக்கும்போது, அளக்கப்படுவது குழந்தையின் அறிவா, அல்லது அச்சோதனைக்கும் குழந்தைக்கும் இடையே உள்ள தூரமா? படிப்பில் பின்தங்கிய பிள்ளை என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், அந்தத் தாள் அப்பிள்ளையோடு பல ஆண்டுகள் பயணம் செய்கிறது. உடல் வலிக்கிறது, நெஞ்சு எரிகிறது, மேல் கை கால் ஓய்ந்து போகிறது என்றே பாட்டிமார் தம் மனத்துயரைச் சொல்லுவர். மனச்சோர்வு என்ற சொல் அவர்கள் வாயில் வராது. அவர்கள் சொல்லும் சொற்களிலேயே அவர்கள் துயரை இனங்காணும் வினாப்பட்டியல்களை உருவாக்கவும், அவை சரியாக அளக்கின்றனவா என்று நூற்றுக்கணக்கானோரிடம் சோதித்து நிறுவவும் முனைவர் பட்ட அளவிலான பயிற்சி வேண்டும். இப்பணிக்காக ஓர் இளைஞர் ஐந்தாண்டுகளைக் கொடுக்க முன்வந்தால் அவரை வாழ்த்தி அனுப்ப வேண்டும். அவர் செல்ல வேண்டிய இடம், அவரது உழைப்பை வாங்கிக்கொண்டு அவருக்கு உதவித்தொகை தரும் பல்கலைக்கழகம். உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்திலும் அந்த ஆராய்ச்சியைச் செய்யலாம். கட்டணமும் அமெரிக்கத் தனியார் நிறுவனக் கட்டணத்தோடு ஒப்பிடத்தக்கதன்று. மேலும், அந்தப் பாட்டிமார் இருப்பதும் இங்கேதான்.

பட்டம் இல்லாமலே சாதித்தோர் இல்லையா என்று இளைஞர் வினவலாம். மேரி கால்கின்ஸ் என்னும் அம்மையார் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்குரிய அனைத்தையும் முடித்து, 1895-இல் தேர்விலும் சிறந்து விளங்கினார். பெண் என்ற ஒரே காரணத்தால் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுத்தது. பின்னர், பெண்களுக்கான ராட்கிளிப் கல்லூரியின் பெயரில் பட்டம் தருவதாகச் சொன்னபோது, அதை அவர் மறுத்துவிட்டார். 1905-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். போற்றத்தக்க வாழ்க்கைதான். ஆயினும் உரிமச் சட்டங்கள் இல்லாத காலம் அது. இன்று உரிய தகுதியின்றி ஒருவர் நோயாளியின் முன் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அது துணிவன்று, தீங்கு.

விடாமுயற்சி இருந்தால் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பேரவை 2008-இல் வெளியிட்ட ஆய்வின்படி, எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால், பிஎச்.டி. படிப்பில் சேர்ந்தோருள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினரே பத்தாண்டுகளுக்குள் முடித்தனர். சிகிச்சை உளவியலில் இடைநிற்றல் இதைவிடக் குறைவே. ஆனாலும் உதவித்தொகையில் பயின்று இடையில் நிற்பவர் இழப்பது காலத்தை. சொந்தப் பணத்தில் பயின்று இடையில் நிற்பவர் காலத்தோடு வீட்டையும் இழக்கக்கூடும்.

பெற்றோர் பணம் திரட்டும் முறை பற்றியும் ஒரு சொல். பிள்ளைகளின் உயர்கல்விக்காக ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அனுமதி உண்டு. 2024 மே மாதத்துக்குப் பின் அது செஜாத்திரா கணக்கிலிருந்து எடுக்கப்படுகிறது. அனுமதி உண்டு என்பதனாலேயே அது உகந்தது ஆகிவிடாது. மகளுக்கு 23 வயது. அவள் இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஈட்டலாம். தந்தைக்கு 54 வயது. அவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மகள் கடன் வாங்கினால் தவணை முறையில் அடைக்கலாம். முதுமைக்கான பணம் தீர்ந்துவிட்டால் அதற்குத் தவணையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. நகையை அடகு வைப்பது, தாய்மாமனைப் பிணையாளராகக் கையெழுத்திட வைப்பது, கடைசியில் பற்றாக்குறைக்கு வட்டி முதலைகளிடம் செல்வது என்று படிப்படியாக இறங்கிய குடும்பங்களைத் தமிழ் நாளிதழ்கள் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளன. மகளோ, தன்னால் குடும்பம் தாழ்ந்தது என்ற சுமையைத் தூக்கிக்கொண்டு பிறருடைய மனச்சுமையை இறக்கும் தொழிலைச் செய்ய வேண்டியிருக்கும்.

பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு, முடிப்பதற்குள் முப்பது வயதாகிவிடும் என்ற வாதமும் இத்தகைய குடும்பக் கூட்டங்களில் தவறாமல் எழுகிறது. அது வலுவற்ற வாதம். செலவு தாங்காது என்றால் மகனுக்கும் தாங்காது. தாங்கும் என்றால் மகளுக்கும் தாங்கும். திருமணத்தைக் காட்டிக் கணக்கை மூடுவது, கணக்கே போடாமல் இருப்பதற்குச் சமம்.

ஆகவே அக்கடிதம் வந்த வீட்டார் செய்யத்தக்கவை சில உண்டு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் அப்படிப்புக்கு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற சிகிச்சை உளவியல் துறைகள், எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை ஆண்டுகளில் முடித்தனர், எத்தனை பேர் விலகினர், எத்தனை பேருக்குப் பயிற்சி இடம் கிடைத்தது, எத்தனை பேர் உரிமம் பெற்றனர், கட்டணம் எவ்வளவு என்னும் விவரங்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடக் கடமைப்பட்டவை. கையேட்டின் படங்களைவிட அந்த ஓர் அட்டவணை அதிகம் பேசும். பட்டம் இந்நாட்டில் ஏற்கப்படுமா என்பதை மலேசியத் தகுதி முகமையிடமும், அரசுப் பணிக்கு எனில் பொதுச் சேவைத் துறையிடமும், கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெளிவது நலம். கட்டிய பின் கேட்பது வழக்கமாகிவிட்டது. அத்தோடு, அதே படிப்பை முடித்துத் திரும்பி இங்குப் பணிபுரியும் ஒருவரையாவது தேடிப் பிடித்து, மாத ஊதியம் எவ்வளவு, கடன் எவ்வளவு மீதம் என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். ஊதியத்தைக் கேட்பது நாகரிகமன்று என்பர். எட்டு லட்சம் வெள்ளியைக் கேளாமல் கொடுப்பதை என்னவென்பது?

கடிதத்தில் குறிக்கப்பட்ட நாளைப் பற்றியும் தந்தை அஞ்ச வேண்டியதில்லை. உதவித்தொகையோடு இடம் தரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, மாணவர் தம் முடிவைத் தெரிவிக்க ஏப்ரல் 15 வரை காலம் தருவது என்று தமக்குள் உடன்பாடு கொண்டுள்ளன. சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் அது. அதற்கு வெகு முன்னரே முன்பணம் கேட்டு நெருக்கும் நிறுவனத்துக்கு, கட்டணத் தள்ளுபடி உண்டா, கற்பித்தல் உதவியாளர் பணி உண்டா, ஐந்தாண்டுக் கட்டண உயர்வுக்கு வரம்பு உண்டா என்று கேட்டு மகளே ஒரு கடிதம் எழுதலாம். விடை எழுத்தில் வர வேண்டும். அது வரும் வரை நகைகள் தாயாரின் பெட்டியிலேயே இருக்கலாம்.